நேராய் நின்ற கண்ணாடி

மார்ச் 4

டேய்,

தம்பி என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். போனில் கூப்பிடாதே. நேற்று நீ கூப்பிட்டபோது போனைச் சுவரில் விட்டெறிந்தேன், அது இப்போது குப்பைக் கூடையில் கிடக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுது. எழுதினால் கிழிக்கவாவது முடியும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்குள் புகுந்து என் புருஷனின் இரண்டு பல்லை உடைத்ததைச் சொன்னேன். "இன்னொரு தடவ எங்க அக்கா மேல கை வெச்சே, குழி தோண்டிப் பொதச்சிருவேன்" என்று நீ கத்தியதையும் சொன்னேன். தெருவே கேட்டதே, மறைக்கவா முடியும்? வியாழக்கிழமை அவர் குடோனில் கண்ணாடிக் கட்டுக்கு அடியில் செத்துக் கிடந்தார்.

இன்ஸ்பெக்டருக்குக் குடோன் வேலை புரியவில்லை. நான்தான் விளக்கினேன். ஆளைவிட உயரமான கண்ணாடித் தகடுகளைக் கட்டாகக் கட்டி, கிரேனில் தூக்கி, இரும்பு ரேக்கை ஒட்டி நிறுத்துவார்கள். கட்டு ரேக் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும். சாயாமல் நட்டமாக நின்றால் பெல்ட்டை அவிழ்த்த உடனே எதிர்ப்பக்கம் விழுந்துவிடும். மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குச் சாய்வு தெரியாது. தரையில், கட்டின் விளிம்புக்கு நேரே நின்று, அது ஒற்றைக் கோடாகத் தெரியும்படி பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவன் என் தம்பி. பெல்ட்டை அவிழ்க்கிறவர் என் புருஷன்.

"தெரியாம நடந்திருக்குமோம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அவனுக்குக் குடோன்ல பட்டப்பேரே ரசமட்டம் சார். ஒரு நூல் சாஞ்சாலும் கண்டுபிடிச்சிருவான்" என்றேன். எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு தகடாகத் தூக்கித்தான் அவரை எடுத்தார்கள். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. பின்சுவரில் முந்தின நாள் நான் பூசி முடித்த மஞ்சள் கோடுகளின் மேல் இடுப்பு உயரத்துக்கு அவர் ரத்தம். நான் வாசலில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவள், பிரஷ்ஷோடு ஓடி வந்து அதைப் பார்த்தேன். நீ நின்ற இடத்திலேயே மரம் மாதிரி நின்றாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இடது கண் போய்விட்டது என்று சொன்னார்கள். நான் குறி வைத்தது உன் கழுத்துக்கு. தரையில் கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்தபோது என் உள்ளங்கையும் கிழிந்து வழுக்கிவிட்டது, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. போலீஸிடம் கண்ணாடி தெறித்துக் குத்தியது என்று சொன்னாயாம். நீ போடும் பிச்சை எனக்கு வேண்டாம். உண்மையைச் சொல்லு, நானும் உள்ளே வருகிறேன்.

உன் அக்காவாகப் பிறந்து தொலைத்தவள்.


மார்ச் 11

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பேனா முனை காகிதத்தைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. காலையில் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் பாதி மடியில்தான் விழுந்தது.

வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே ஜெயிலாம். கொலைக் கேஸாம், நீ கொடுத்த வாக்குமூலம்தான் அதற்கு அஸ்திவாரமாம். நன்றாகத்தான் அஸ்திவாரம் போட்டிருக்கிறாய்.

பல்லை உடைத்ததற்கு நான் வருத்தப்படப் போவதில்லை. நீ கதவைத் திறந்தபோது உன் உதடு கிழிந்து காது வரைக்கும் வீங்கியிருந்தது. "படியில வழுக்கிட்டேன்"னு சொன்னாய். எத்தனை வருஷமாக ஒரே படியில் வழுக்குவாய்? மாமா சட்டையைப் பிடித்தபோது அவர் என் வயிற்றில் உதைத்தார், நான் அவர் வாயில் குத்தினேன். மறுபடியும் அப்படியே வந்தால் மறுபடியும் குத்துவேன்.

ஆனால் கொல்வதற்காக விரலைத் தூக்கவில்லை அக்கா. கட்டு ரேக் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு விரல் சாய்வு. என் கண்ணால் பார்த்தேன். எப்போதும் போல நின்று, எப்போதும் போலப் பார்த்து, எப்போதும் போல விரலைத் தூக்கினேன். மாமா பெல்ட்டை இழுத்தார். சாய்ந்திருந்த கட்டு எப்படி எதிர்ப்பக்கம் விழுந்தது என்று இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு தலை வெடிக்கிற மாதிரி யோசிக்கிறேன். பார்த்ததைத்தான் காட்டினேன். என்னை நம்பு.

தம்பி


மார்ச் 17

இரண்டு விரல் சாய்வா? எவன் காதில் பூ சுற்றுகிறாய்?

கம்பெனி என்ஜினியர்கள் தரையில் கிடந்த தடத்தையும் ரேக்கில் இருந்த கீறலையும் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டு நட்டமாக நின்றிருக்கிறது. ஒரு நூல்கூட ரேக் பக்கம் சாயவில்லை. கிரேன்காரர் என் எதிரே அழுதார். "அவன் காட்டுனான், நான் கொக்கியத் தளர்த்துனேன். வேற எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். என்ஜினியர், கிரேன்காரர், எல்லாரும் பொய், நீ ஒருவன் மட்டும் அரிச்சந்திரனா?

அவர் என்னை அடித்தார், ஆமாம். அடித்த அன்றைக்கே ராத்திரி உட்கார்ந்து என் கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்ப்பார், அதுவும் உண்மை. நீ பார்த்தது பாதிதான். மிச்சத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். உன்னை யார் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது?

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், இதையும் எழுதித் தொலைக்கிறேன். அந்த வாரம் முழுக்க அவர் செத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன். சும்மா கோபத்தில் இல்லை. பெயிண்ட் கலக்கும்போது நினைத்தேன், சுவரில் டேப் ஒட்டும்போது நினைத்தேன், பல்லு போய்விட்டது என்று அவர் சாப்பாட்டைத் தட்டி எறிந்தபோது வாய்க்குள்ளேயே சொன்னேன். செத்துப்போ என்றேன். அப்புறம் நிஜமாகவே செத்துப்போனார். என் மனசுக்குள் இருந்ததை நீ எடுத்துச் செய்துவிட்டாய் என்றுதான் அந்தத் துண்டை எடுத்தேன். உன்னைக் குத்தியபோது என்னையும் சேர்த்துத்தான் குத்தினேன். புரிந்தால் புரிந்துகொள், இல்லாவிட்டால் போ.

அவரை வெறுத்தேன் என்றால் ஏன் இப்படி அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.


மார்ச் 29

அக்கா,

போன கடிதத்தில் எழுதியதை விட்டுவிடு. நான் தப்பாகப் பார்த்துவிட்டேன். கட்டு நட்டமாகத்தான் இருந்திருக்கிறது, எனக்குச் சாய்ந்த மாதிரித் தெரிந்தது. என் கண்ணில் கோளாறு. அவ்வளவுதான். வக்கீலிடமும் இதையே சொல்லப் போகிறேன். கவனக்குறைவு என்று போட்டால் போடட்டும், கொலை என்று போட்டாலும் சரி. உன் வாக்குமூலத்தை அப்படியே வைத்துக்கொள்.

மிச்சமிருக்கும் கண்ணை ஒரு பெண் வந்து சோதிக்கிறாள். அட்டையில் கோடுகளைக் காட்டி எது நேர், எது சாய்வு, எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். நான் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ரசமட்டம் உடைந்துவிட்டது என்று குடோனில் சொல்லு, சிரிப்பார்கள். அவள் மேசையைக் கவிழ்த்துவிட்டேன் என்று போலீஸ்காரர் என் ஒரு கையைக் கட்டிலோடு பூட்டிவிட்டார். எழுதுகிற கையை விட்டுவைத்தார், நல்ல மனுஷன்.

மேலே மூன்று வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

குடோன் பக்கம் போகாதே. அங்கே உனக்கு என்ன வேலை? வேறு இடத்தில் போர்டு எழுதப் போ. இந்தத் தடவையாவது நான் சொல்வதைக் கேள்.


ஏப்ரல் 6

தம்பி,

போகாதே என்று எழுதினால் நான் போவேன் என்று உனக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்து என்னைப் பார்க்கிறாய்.

உன் மாமாவின் பையும் சட்டையும் லாக்கரில் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். அந்தச் சாக்கில் போனேன். லாக்கர்கள் பக்கவாட்டுச் சுவரின் கோடியில், பின்சுவரை ஒட்டி இருக்கின்றன. பூட்டு திறக்காமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது புதுக் கட்டு ஒன்றை இறக்கினார்கள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வேலையே தொடங்கியதாம். உன் இடத்தில் ஒரு புது ஆள். நல்ல அனுபவக்காரராம், வேறு குடோனிலிருந்து வந்தவர். அவர் விளிம்புக்கு நேரே நின்று குனிந்து பார்த்தார். விரலைத் தூக்கினார்.

நான் நின்ற இடத்திலிருந்து கட்டின் ஓரம் வாசல் கம்பத்தோடு சேர்ந்து தெரிந்தது. இரண்டும் ஒன்றுபோல நட்டமாக நின்றன. "அவுக்காதே! ஓடு!" என்று கத்தினேன். பெல்ட் அவிழ்க்கிறவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதித்தார். கட்டு அப்படியே வந்து விழுந்தது. அந்தச் சத்தத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் உயிர் தப்பியது. தோளிலிருந்து முழங்கை வரை சதை பிய்ந்து தொங்கியது. நான் யார் என்றே தெரியாமல் என் மடியில் படுத்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினார்.

புது ஆளைச் சூப்பர்வைசர் கன்னத்தில் அறைந்தார். அந்த மனுஷன் மூக்கில் ரத்தம் வழிய வழியச் சொன்னார்: "சார், சாஞ்சுதான் இருந்துச்சு. என் புள்ளைங்க மேல சத்தியமா சாஞ்சு இருந்துச்சு."

நீ எழுதிய அதே வார்த்தை.

ஆம்புலன்ஸ் போனதும் கிரேன்காரரைக் கூப்பிட்டேன். காலிக் கொக்கியில் ஒரு கயிற்றையும் நட்டுப் போல்ட்டையும் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். தொங்குகிற கயிறு பொய் சொல்லாது இல்லையா? போய் உன் இடத்தில் நின்றேன். கயிறு ரேக் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு விரல் சாய்வு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், சாய்ந்துதான் இருந்தது. ஒரு கையைக் குழல் மாதிரி வைத்துப் பின்சுவரை மறைத்துப் பார்த்தேன். நிமிர்ந்துவிட்டது. கையை எடுத்தேன், சாய்ந்தது.

பின்சுவரில் இருப்பது என் கோடுகள். மஞ்சளும் கறுப்புமாய், எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தவை. "கட்டு வர்ற எடம்னு தூரத்துலயே தெரியணும்மா, பாதுகாப்பு" என்று சூப்பர்வைசர் கேட்டுப் போட்ட கோடுகள்.

அவர் கொடுத்த படத்தில் கோடு சரிபாதிச் சாய்வில் இருந்தது. சதுரத்தின் மூலைக்கு மூலை இழுத்த மாதிரி. ஒல்லியான, உயரமான சுவரில் அது சப்பையாகத் தெரிந்ததால் நான்தான் கோடுகளைத் தூக்கி நிறுத்தினேன். நேரிலிருந்து கொஞ்சம் மட்டும் சாய்ந்த மாதிரிப் போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. "கைராசிக்காரி"ன்னு உன் மாமாகூடச் சொன்னார், அந்த வாரத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு பெரிய தாளில் வரைந்தேன். ஒன்றில் அவர் படத்தில் இருந்த பாதிச் சாய்வு. இன்னொன்றில் என் சாய்வு. முன்னால் நூலில் எடை கட்டித் தொங்கவிட்டேன். பாதிச் சாய்வின் முன்னால் நூல் ஏறக்குறைய நேராகத்தான் நின்றது. என் சாய்வின் முன்னால் வைத்ததும் சாய்ந்தது. விடியும்வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் கறுப்பு பெயிண்ட் இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போனேன். "கோட்டுக்கும் கட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? பைத்தியமா உனக்கு?" என்று சூப்பர்வைசர் என் முடியைப் பிடித்து இழுத்தார். டின்னைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தேன். மூக்குத்தண்டு உடைந்த சத்தம் கேட்டது. செக்யூரிட்டி இரண்டு பேர் என்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள், விலா வலியில் இன்னும் மூச்சு விட முடியவில்லை. ஆனால் சுவரில் பாதிக்கு மேல் கறுப்பு பூசிவிட்டேன். மிச்சத்தைக் கிரேன்காரர் பூசினார்.

இது உனக்குத் தெரியுமா தெரியாதா? அந்த அட்டைப் பெண் உன்னிடம் என்ன சொன்னாள்? அடித்த மூன்று வரியில் என்ன எழுதினாய்? மழுப்பினாய் என்றால் இன்னொரு கண்ணையும் பிடுங்குவேன். சொல்லித் தொலை.


ஏப்ரல் 12

அக்கா,

தெரியும். அந்த அட்டையைப் பார்த்த அன்றைக்கே தெரியும்.

வட்டமான அட்டை. நடுவில் சின்ன வட்டத்துக்குள் நேர்கோடுகள். சுற்றிலும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த கோடுகள். "நடுவுல இருக்கறது எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "எடது பக்கம் சாஞ்சிருக்கு" என்றேன், அலட்சியமாக. ஸ்கேலை வைத்துக் காட்டினாள். நேர். இன்னொரு அட்டை, மறுபடி தோற்றேன். "கவலப்படாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். எனக்கும்தான்" என்று சிரித்தாள். எனக்கு உன் சுவர் ஞாபகம் வந்தது. மேசையைக் கவிழ்த்தது அப்போதுதான்.

மறுநாள் நல்ல புத்தியோடு மன்னிப்புக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். சாய்வைப் பார்ப்பது கண் இல்லையாம். கண் வெறும் வெளிச்சப் புள்ளிகளைத்தான் அனுப்புமாம். பின்மண்டைக்குள் ஒரு இடத்தில் கூட்டம் கூட்டமாகச் செல்கள் இருக்கின்றனவாம், நேர்கோட்டுக்குக் கத்த ஒரு கூட்டம், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்ததற்கு ஒரு கூட்டம், இடப்பக்கத்துக்கு ஒரு கூட்டம். ஒரு கோடு தெரிந்தால் பக்கத்துப் பக்கத்துக் கூட்டமும் சேர்ந்து கொஞ்சம் கத்தும். யார் எவ்வளவு கத்தினார்கள் என்று கூட்டிக் கழித்துத்தான் மூளை சாய்வைச் சொல்லுமாம். சுற்றிலும் வலச்சாய்வுக் கோடுகளாக இருந்தால் வலப்பக்கக் கூட்டத்தின் வாய் அடைபட்டுவிடும். இடப்பக்கத்தின் சத்தம் மட்டும் மிஞ்சும். நேராக நிற்பது இடப்பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். அறிவிருக்கிறவன், இல்லாதவன், ரசமட்டம், எவனும் தப்ப முடியாது. நீ தாளில் கண்டுபிடித்ததும் சரிதான். சுற்றிலும் இருக்கும் கோடு கொஞ்சமாகச் சாய்ந்தால்தான் ஏமாற்று அதிகம். பாதிச் சாய்வென்றால் குறைவு. இதைத்தான் அந்த மூன்று வரியில் எழுதி அடித்தேன்.

ரேக் இருப்பது என் இடப்பக்கம் அக்கா.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எப்படிச் சொல்வேன்? நான் தப்பிக்க வேண்டுமானால் உன் கோட்டைக் காட்ட வேண்டும். செத்துப்போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே டேப் ஒட்டினேன் என்று எழுதியவளுக்கு இதை எந்த வாயால் சொல்வது? நீ தாங்க மாட்டாய். எனக்கு ஒரு கண் போனது போதும் என்று நினைத்தேன்.

ஆனால் சாமியாராகவும் நான் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது. என் கண்ணைப் பிடுங்கியது நீ. கொலைகாரன் என்று கையெழுத்துப் போட்டது நீ. கடைசியில் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதும் நானா? ராத்திரி கட்டு போட்ட பக்கம் வலிக்கும்போது உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் காதைப் பொத்திக்கொள்கிறார்.

இப்போது சொல்வதைக் கேள். சுவரைப் பூசியாகிவிட்டது, இனி அங்கே யாரும் சாகப் போவதில்லை. நீ வாயைத் திறக்காதே. சூப்பர்வைசர் கொடுத்த படம் வேறு, நீ போட்டது வேறு என்று தெரிந்தால் கம்பெனி மொத்தத்தையும் உன் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடும். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு நான் உள்ளே போய் வருகிறேன். என் கண்ணைப் பற்றியும் மூச்சு விடாதே.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

நீ யார் எனக்காக ஜெயிலுக்குப் போக? மறுபடியும் பஞ்சாயத்தா?

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். இரண்டு தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "கோடு கொலை பண்ணுச்சுங்கிறியா?" என்றார். சுவரில் தாளை ஒட்டி, முன்னால் நூலைத் தொங்கவிட்டு, "எந்தப் பக்கம் சார் சாஞ்சிருக்கு?" என்று கேட்டேன். சொன்னார். தாளைப் பிரித்து எடுத்தேன். நூல் நிமிர்ந்து நின்றது. மறுபடி ஒட்டச் சொன்னார், மறுபடி எடுக்கச் சொன்னார். ஸ்டேஷனில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். எல்லாரும் ஒரே பக்கம்தான் சொன்னார்கள். அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

வாக்குமூலத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். படத்தில் இருந்ததை மாற்றிப் போட்டது நான் என்று எழுதிக் கொடுத்தேன். மாற்றியதைப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது சூப்பர்வைசர் என்றும் எழுதினேன், விடுவேனா? உடைந்த மூக்கோடு வந்து பதில் சொல்லட்டும். உன் கண்ணை யார் குத்தியது என்பதையும் சொன்னேன். அதற்கு என் மேல் கேஸ். ஜாமீனில் வந்திருக்கிறேன். நீ வந்து கண்ணாடி தெறித்தது, தூசி விழுந்தது என்று உளறினாயானால் உன் வாயிலேயே போடுவேன்.

உன்னைக் கொலைக் கேஸிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். பூட்டையும் கழற்றிவிடுவார்களாம்.

அவரை யாரும் கொல்லவில்லை என்று கிரேன்காரர் சொல்கிறார். உன் அட்டைப் பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். எனக்குத் தெரியவில்லைடா. சாக வேண்டும் என்று நினைத்தவள் நான், கோட்டைத் தூக்கி நிறுத்தியவள் நான், அந்தக் கோட்டில் அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உன் மேல் பாய்ந்தவளும் நான். நினைத்ததற்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை என்று பகலில் புரிகிறது. ராத்திரியில் புரிவதில்லை. உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை, உன்னைத்தான் நான் குருடாக்கி வைத்திருக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதினால் நீ காறித் துப்புவாய், எழுதவில்லை. புதன்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பார்க்க மாட்டேன் என்றால் வாசல் போலீஸ்காரரிடம் சொல்லிவிடு, திரும்பிப் போய்விடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

பூட்டைக் கழற்றிவிட்டார்கள். போலீஸ்காரர் போகும்போது, "உங்க அக்கா வர்றாங்களாமே, நான் இருக்கணுமா போகணுமா?" என்று கேட்டார். போகச் சொன்னேன்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. ஆனால் நீ வரவில்லை என்றால் எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை வா. வெறுங்கையோடு வா. கட்டிலுக்கு வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார். இடப்பக்கம் உட்காராதே, அந்தப் பக்கம் நீ கையை ஓங்கினாலும் எனக்குத் தெரியாது, அழுதாலும் தெரியாது.

தம்பி